பழைய கம்பெனியில் ஏன் நின்றீர்கள்?

தையல் மிஷினில் உட்கார வைத்து ஷூவின் மேல்பாகமான அப்பர் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். ஓரம் விலகாமல், தையல் தவறாமல் ஓட்டிக் காட்டினால் பாதி வேலை கிடைத்த மாதிரி. மீதிப் பாதி ஹெச்ஆர் அறையில் இருக்கிறது. பெயர், ஊர், எந்த பஸ்ஸில் வருவீர்கள் என்று கேட்டுவிட்டு, அடுத்து அந்தக் கேள்வி வரும்: "பழைய கம்பெனியில ஏன் நின்னீங்க?"

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் இந்தத் தோல் வட்டாரத்தில், வருடக்கணக்கில் கை பழகிய பெண்களும் இந்த ஒரு கேள்வியில் தடுமாறிப் போகிறார்கள். சிலர் "வீட்டுல கொஞ்சம் பிரச்சினை" என்று மழுப்புகிறார்கள். சிலர் இல்லாத காரணத்தை ஜோடிக்கிறார்கள். இன்னும் சிலர் பழைய சூப்பர்வைசர் மேல் இருந்த கோபம் முழுவதையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் கொட்டிவிட்டு வருகிறார்கள். மூன்றும் அவர்களுக்கே எதிராக முடிகின்றன.

வேலை போவது பல நேரம் தொழிலாளியின் குற்றமே அல்ல. இங்கே தைக்கும் ஷூ வெளிநாட்டுக்குப் போகிறது; அங்கே தும்மினால் இங்கே ஒரு லைன் நிற்கிறது. 2020 மார்ச் ஊரடங்கில் ஆர்டர்கள் ரத்தானபோது அதைப் பார்த்தோம். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது மறுபடியும் பார்த்தோம். இன்னொரு பக்கம், தமிழ்நாடு அரசின் 2022ஆம் ஆண்டுக் காலணி, தோல் பொருட்கள் கொள்கைக்குப் பிறகு தோல் அல்லாத ஷூ தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள் வட மாவட்டங்களுக்கு வருகின்றன. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கம் சிப்காட்டில் தைவான் நிறுவனம் ஒன்றின் ஆலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. பழைய ஊர்க் கம்பெனிகளில் "இவங்க யாரு, எப்படி?" என்று ஒரு ஃபோனில் விசாரித்துவிடுவார்கள். பெரிய நிறுவனங்களில் அச்சடித்த படிவம், பிஎஃப் சரிபார்ப்பு எல்லாம் உண்டு. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் தாங்குகிற பதில் வேண்டும்.

பொய் இந்த வட்டாரத்தில் நிற்காது. ஒரு கம்பெனி சூப்பர்வைசரின் மைத்துனர் இன்னொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருப்பார். அதே நேரத்தில், நடந்த எல்லாவற்றையும் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் உங்களுக்கு இல்லை. சுருக்கமான உண்மை, அதற்கு ஆதாரமாக ஒரு காகிதம்: இவ்வளவு போதும். அந்தக் காகிதத்தை இண்டர்வியூவுக்கு முந்தின நாள் தேடினால் கிடைக்காது. பழைய கம்பெனியை விட்டு வெளியே வரும் நாளிலேயே அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதனால் அந்த நாளைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டியிருக்கிறது.

வெளியே அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் "நிறுத்திவிட்டோம்" என்று எழுதித் தருவதில்லை. ஒரு தாளை நீட்டி, "சொந்தக் காரணத்துக்காக ராஜினாமா செய்கிறேன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா, இன்னைக்கே கணக்கு முடிச்சுத் தர்றோம்" என்பார்கள். வீட்டு வாடகையும் குழுக் கடனும் கண்முன் நிற்க, கையெழுத்து விழுந்துவிடுகிறது. சட்டத்தின் கண்ணில் அந்த நொடியில் எல்லாம் மாறிப்போகிறது. நிர்வாகம் ஆட்குறைப்பு செய்தால், ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். வேலை பார்த்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். தானாக ராஜினாமா செய்தவருக்கு இதில் எதுவும் இல்லை. அந்த ஒற்றைத் தாளை அவ்வளவு அவசரமாகக் கேட்பதன் காரணம் இதுதான்.

எனவே யோசிக்க ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். வெற்றுத்தாளில் எந்தக் காரணம் கொண்டும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே மிரட்டியோ கெஞ்சியோ வாங்கிவிட்டார்கள் என்றால், அன்றைக்கோ மறுநாளோ நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: இன்ன தேதியில், இன்ன அறையில், இன்னார் முன்னிலையில் கட்டாயப்படுத்தி வாங்கினார்கள், இது என் விருப்பமல்ல என்று. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதையும் நகலையும் பத்திரமாக வையுங்கள். கட்டாயத்தால் வாங்கிய ராஜினாமா உண்மையில் பணிநீக்கமே என்று நிரூபிக்க நீதிமன்றத்தில் இடமுண்டு. ஆனால் ஆறு மாதம் கழித்துச் சொல்கிற வார்த்தைக்கும் அன்றைக்கே போட்ட கடிதத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இன்னொரு வகை, குழந்தைக்குக் காய்ச்சல் என்றோ மாமியாருக்கு ஆபரேஷன் என்றோ பத்து நாள் வராமல் இருந்தவர்கள் திரும்பிப் போனால், "நீங்களா நின்னுட்டீங்க, பேரை எடுத்தாச்சு" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்புவது. இது சரியல்ல என்று உச்ச நீதிமன்றம் 1993இலேயே டி.கே. யாதவ் வழக்கில் சொல்லியிருக்கிறது. கம்பெனியின் வேலை விதிகளான நிலையாணையில் இத்தனை நாள் வராவிட்டால் வேலை போகும் என்று எழுதியிருந்தாலும், விளக்கம் கேட்காமல், விசாரணை நடத்தாமல் பெயரை நீக்க முடியாது. பிரசவ விடுப்பில் இருக்கும் பெண்ணை அந்த விடுப்பைக் காரணம் காட்டி நீக்குவதும் சட்டவிரோதம். இஎஸ்ஐ மருத்துவர் தந்த சீட்டையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் தூக்கிப் போடாமல் வைத்திருப்பவருக்கு, புதிய இடத்தில் அந்தக் காலி நாட்களுக்கு விளக்கம் சொல்லவும் அவை உதவும்.

இனி கணக்கு முடிப்பு. வேலையிலிருந்து நீக்கினாலும், ஆட்குறைப்பு செய்தாலும், நீங்களே ராஜினாமா செய்தாலும், பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாட்களுக்குள் கைக்கு வர வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடப்புக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஊதியச் சட்டம் இதைச் சொல்கிறது. ஐந்து வருடம் முடித்தவருக்குக் கிராஜுவிட்டி உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுத்தில் நியமிக்கப்பட்டவருக்குப் புதிய சட்டப்படி ஒரு வருடமே போதும். ராஜினாமா செய்தால் கிராஜுவிட்டி போய்விடும் என்று இங்கே நிறையப் பேர் நம்புகிறார்கள்; அது தவறு. கணக்கு எளிது: கடைசி மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய் என்றால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க 7,500 வரும். ஆறு வருடத்துக்கு 45,000 ரூபாய். வேலையை விட்டு விலகிய 30 நாளுக்குள் தர வேண்டும்.

பணத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டியது சர்வீஸ் சர்டிஃபிகேட். நிரந்தரத் தொழிலாளி வேலையை விட்டு விலகும்போது அதைப் பெற உரிமை உண்டு என்று 1946ஆம் ஆண்டுப் பழைய நிலையாணைச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணைகளே சொல்கின்றன. டிஸ்மிஸ் செய்யப்பட்டவருக்கும் இது பொருந்தும். வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வராமல் எழுதிக் கேளுங்கள். நம் ஆட்கள் தைக்கும் ஷூ போய்ச் சேரும் ஜெர்மனியில், வேலையை விடும் எவரும் எழுத்துமூலமான சான்றைக் கேட்டுப் பெறலாம்; அதில் ஜாடையாகக் குறை சொல்லும் வார்த்தைகள் இருக்கக் கூடாது என்றே அங்கே சட்டம் இருக்கிறது. அந்த அளவுக்கு இங்கே விரிவான சட்டம் இல்லை. இருக்கிறதையாவது கேட்டு வாங்க வேண்டும்.

பிஎஃப் விஷயத்தில் நடக்கும் ஒரு சின்னக் குளறுபடி நல்ல தொழிலாளிகளைப் பொய்யர்களாகக் காட்டிவிடுகிறது. புதிய கம்பெனி உங்கள் யூஏஎன் எண்ணைப் போட்டுப் பார்க்கும். பழைய கம்பெனி நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் இன்னும் அங்கே வேலை பார்ப்பதாகக் காட்டும். கடைசியாகப் பிஎஃப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, ஆதாரோடு இணைந்த செல்ஃபோனில் வரும் ஓடிபியைக் கொண்டு அந்தத் தேதியை நீங்களே இணையத்தில் பதிவு செய்யலாம். முடியாவிட்டால் வேலூரில் உள்ள பிஎஃப் மண்டல அலுவலகத்துக்குப் போகலாம். கான்ட்ராக்டில் இருந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வேலை பார்த்தது பெரிய கம்பெனிக்குள்ளே; பிஎஃப் கட்டியது கான்ட்ராக்டர் பெயரில். படிவத்தில் பெரிய கம்பெனியின் பெயரை மட்டும் எழுதினால், சரிபார்க்கிறவருக்குப் பொய் மாதிரித் தெரியும். "இன்ன கான்ட்ராக்டர் மூலமாக இன்ன கம்பெனியில்" என்று இரண்டையும் எழுதுங்கள்.

இப்போது அந்த ஹெச்ஆர் அறைக்குள் போவோம்.

ஆர்டர் இல்லாமல் வேலை போனவருக்குத் தயக்கமே வேண்டாம். "ஆர்டர் குறைஞ்சுது சார், எங்க லைனையே நிறுத்திட்டாங்க. கணக்கு முடிச்சுக் கொடுத்தாங்க, சர்டிஃபிகேட் இருக்கு." இதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை.

சூப்பர்வைசரோடு தகராறாகி டிஸ்மிஸ் ஆனவருக்குத்தான் இது கடினம். அவருக்கு நான் சொல்வது: நடந்ததை இரண்டு வரியில், யாரையும் திட்டாமல், உங்கள் பங்கை மறைக்காமல் சொல்லுங்கள். "டார்கெட் விஷயத்துல வாக்குவாதம் ஆச்சு மேடம். நானும் சத்தமாப் பேசிட்டேன். விசாரணை வெச்சு நிறுத்திட்டாங்க. அதுக்கு முன்னால என் மேல எந்தப் புகாரும் கிடையாது. கூட வேலை செஞ்ச லைன் லீடர்கிட்ட நீங்க கேட்டுக்கலாம்." பழைய கம்பெனிக்கு ஃபோன் போகத்தான் போகிறது. அவர்கள் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் உங்கள் வாயிலிருந்தே வந்துவிட்டால் அந்த ஃபோனின் பலம் பாதியாகக் குறைந்துவிடும். உங்களைப் பற்றி நல்லது சொல்லக்கூடிய ஒருவரின் பெயரை, அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு, நீங்களே கொடுப்பது இன்னும் நல்லது.

வழக்கு நடந்துகொண்டிருந்தால், "அது கோர்ட்டில் இருக்கிறது, அதிகம் பேச முடியாது" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்தால் பழைய வழக்கு அடிபட்டுப் போகும் என்று பயந்து வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. சேர்ந்தால், வேலை இல்லாத காலத்துக்கான பின்சம்பளக் கணக்கு குறையலாம். அநியாயமாக நீக்கினார்கள் என்று கேட்கும் உரிமை போகாது.

பாலியல் தொல்லையால் வேலையை விட்ட பெண்ணுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. அதை இண்டர்வியூவில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "அங்கே சூழல் எனக்குப் பாதுகாப்பா இல்லைங்க, அதனால விட்டுட்டேன்" என்பது முழு உண்மை. அதற்கு மேல் கேட்டால் "அதைப் பத்திப் பேச விரும்பலைங்க" என்று சொல்லலாம். 2013ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த புகாரையும், புகார் கொடுத்தவர் யார் என்பதையும் வெளியே சொல்வதையே அந்தச் சட்டம் தடை செய்கிறது. ஆகவே பழைய கம்பெனி ஃபோனில் "அந்தப் பொண்ணு கம்ப்ளெயின்ட் கொடுத்த பொண்ணு" என்று சொன்னால் தப்பு அவர்கள் பக்கம். வேலையை விட்ட பிறகும் புகார் கொடுக்கலாம்: சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள், தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம். கம்பெனியில் உள் புகார்க் குழு இல்லையென்றால் மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கிறது. 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றானதால் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும், பேரணாம்பட்டுக்காரர்கள் வேலூருக்கும், மேல்விஷாரத்துக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும். பெண்கள் உதவி எண் 181.

உடம்பு கெட்டு வேலையை விட்டவர்கள் மட்டும் காரணத்தை மறைக்கவே கூடாது. டேனரியில் குரோம் பட்டுக் கையில் புண் வந்தவர், சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் நின்று மூச்சிரைப்பு வந்தவர், "வேலைதான் முக்கியம்" என்று வாயை மூடிக்கொண்டு வேறொரு டேனரியில் அதே டிரம் பக்கமே போய் நிற்கிறார். குரோமியப் புண் அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய்களின் சட்டப் பட்டியலில் இருக்கும் நோய். இஎஸ்ஐயில் இருந்தவர் அது வேலையால் வந்தது என்று பதிவு செய்து பலன் கேட்கலாம். புதிய இடத்தில் "ஈர வேலை எனக்கு ஒத்துக்காது சார், டாக்டர் சீட்டு இருக்கு, பஃபிங்கோ பேக்கிங்கோ கொடுங்க" என்று சொல்வதால் ஒரு வேலை கைவிட்டுப் போகலாம். போகட்டும். கை போவதை விட அது மேல்.

ஆபத்தான இடம் என்று சொல்லி வெளியே வந்தவரும் தலை குனிய வேண்டியதில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுக் குழம்பைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். ஆபத்தைப் பார்த்தால் வாயைத் திறந்து சொல்வது தொழிலாளியின் சட்டப்பூர்வ உரிமை.

சங்கத்தில் சேர்ந்ததற்காகப் பழிவாங்கப்பட்டவர், சங்கத்தில் இருக்கிறாரா என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. பெண்களிடம் "கல்யாணம் எப்போ, அடுத்த குழந்தை எப்போ" என்று கேட்டு அதை வைத்து வேலையை மறுப்பதும் தவறு. ஆளெடுப்பில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று ஊதியச் சட்டம் சொல்கிறது. ஆனால் படிவத்தில் எழுதுபவை வேறு விஷயம். எந்தக் கம்பெனி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, என்ன வேலை, என்ன சம்பளம்: இவற்றில் ஓர் எழுத்தும் பொய் இருக்கக் கூடாது. முன்வேலை பற்றிப் பொய்த் தகவல் தருவதை ஒழுங்கீனமாகப் பல நிறுவனங்களின் நிலையாணைகள் சொல்கின்றன. இரண்டு வருடம் கழித்துத் தெரிந்தாலும் வேலை போகலாம். காசு கொடுத்து வாங்கும் போலி எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் போலீஸ் கேஸில் கொண்டுபோய் விடும்.

பழைய கம்பெனி வேண்டுமென்றே பொய் சொல்லி, உதாரணமாகத் தோல் திருடினார் என்று இல்லாத பழியைச் சொல்லி, வேலையைக் கெடுத்தால் என்ன செய்வது? பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி அது அவதூறு ஆகலாம். நல்லெண்ணத்தில், அக்கறையோடு எச்சரித்தோம் என்று தப்பிக்க அவர்களுக்கும் அதே பிரிவில் வழியிருக்கிறது. ஃபோனில் பேசியதை நிரூபிப்பதும் சிரமம். எனவே உடனே பலன் தரக்கூடியது ஒரு கடிதம். "என்னைப் பற்றி இன்ன பொய்யைச் சொல்வதாக அறிகிறேன், நிறுத்துங்கள், சர்வீஸ் சர்டிஃபிகேட் தாருங்கள்" என்று பழைய நிர்வாகத்துக்கு வக்கீல் மூலம் எழுதுவது. எழுத்தில் ஒன்று வந்துவிட்டால் வாய் அடங்கும்.

வீட்டில் உட்கார்ந்து அப்பர் தைக்கும் பெண்களிடம் எந்தக் காகிதமும் இருப்பதில்லை. ஏஜெண்ட் கொண்டுவந்து போடும் ஜோடிகளின் எண்ணிக்கையைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, வாரம் ஒருமுறை அவரிடமே கையெழுத்து வாங்கி வையுங்கள். காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி நல வாரியமே இருக்கிறது. அதில் பதிவு செய்த அட்டை, நீங்கள் இந்தத் தொழிலில் இருப்பவர் என்பதற்கு அரசு தந்த சான்று.

வேலை பறிபோனதே அநியாயம் என்றால் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். 45 நாளில் முடிவு வராவிட்டால் நீங்களே நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். முன்பு இதற்கு மூன்று வருட அவகாசம் இருந்தது. புதிய சட்டத்தில் இரண்டு வருடம்தான். சூப்பர்வைசராக 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்கு இந்த வழி இல்லை. அவர்களுக்கு நியமனக் கடிதமும் சிவில் கோர்ட்டும்தான். வக்கீலுக்குப் பணமில்லையே என்று நிற்க வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், அல்லது 15100 எண்ணுக்குப் பேசலாம்.

கடைசியாக, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஹெச்ஆர் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். "ஏன் நின்னீங்க" என்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் பழைய கம்பெனியில் யாரோ ஒருவர் ஃபோனில் சொன்னதை மட்டும் வைத்து ஒருவரை அனுப்பிவிடாதீர்கள். என்ன சொன்னார்கள் என்று அவரிடமே சொல்லி, அவர் பக்கத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.